நான்காம் எண் ஊர்

மார்ச் 3
எண் 2

அன்புள்ள அண்ணா,

கை, கால், பல் எல்லாம் கிளம்பியபோது இருந்த எண்ணிக்கையிலேயே இருக்கின்றன. நீயும் அண்ணியும் உன் இடுப்பு வலியும் எப்படி இருக்கிறீர்கள்?

எல்லையில் சுங்க அதிகாரி என் மோட்டார் சைக்கிளை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். யார் ஓட்டுவது என்று கையாலேயே கேட்டார். நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். கூட யார் என்று கேட்டார். எருமையின் டாங்கைத் தட்டிக் காட்டினேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்திவிட்டார். நூற்று எண்பது கிலோ இரும்புக்கு எருமை என்று பெயர் வைத்தது நீதான். கேலிக்கு வைத்தாய், இப்போது அதுதான் எனக்குத் துணை.

லிட்டருக்கு முப்பத்தொரு கிலோமீட்டர் தருகிறது. செயின் இரண்டு தடவை தளர்ந்தது, நானே இறுக்கினேன். இடது கண்ணாடி ஆடுகிறது. முன் டயரில் காற்று குறைகிறதா என்று தினமும் காலையில் பார்க்கிறேன்.

சமையலறைச் சுவரில் ஒட்டிய வரைபடத்தில் அண்ணியை இரண்டாம் எண்ணைப் பென்சிலால் அடிக்கச் சொல். ஊர்ப் பெயர்களுக்குப் பதில் எண் போட்டது நல்லதாகப் போயிற்று. இங்கே வந்த பிறகும் ஒரு பெயர்கூட என் வாயில் நுழையவில்லை. பதினொன்றாம் எண் கடல். மே மாதக் கடைசிக்குள் அதில் காலை நனைத்துவிடுவேன்.

பதினெட்டு வருஷம் ஒரே மைதானத்தில் நின்று, "கிளட்ச்சை மெதுவா விடும்மா, மெதுவா விடும்மா" என்று கத்தியவள் நான். மூவாயிரம் பேருக்காவது ஓட்டக் கற்றுக்கொடுத்திருப்பேன். அவர்களெல்லாம் ஊர் உலகம் சுற்ற, நான் மட்டும் எட்டு போட்ட இடத்திலேயே எட்டு போட்டுக்கொண்டிருந்தேன். நேற்று ஒரு நேர்ச் சாலையில் நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு திருப்பம்கூட வரவில்லை. ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுப் பாடினேன். நல்லவேளை, யாருக்கும் கேட்கவில்லை.

பேசினால் சண்டை வரும், அதனால் போன் வேண்டாம், கடிதம்தான் என்று நாம் பேசி வைத்ததை மறக்காதே. அடுத்த கடிதத்தை எண் 4 தபால் நிலையத்துக்கு எழுது. நேரில் போய் வாங்கிக்கொள்கிறேன்.

உன் தங்கச்சி


மார்ச் 13

வாத்தியாரம்மாவுக்கு,

உன் கடிதம் பத்தாவது நாள் வந்தது. அதில் மூன்று நாள் சுங்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறது. உறையின் மேலுள்ள முத்திரைகளைப் பார்த்தாலே எந்தக் கடிதம் எங்கே உட்கார்ந்தது, எங்கே நடந்தது என்று சொல்லிவிடுவேன். முப்பத்தொரு வருஷம் தபால் நிலையத்தில் தெரு வாரியாகக் கடிதம் பிரித்துப் போட்ட கண் இது. உறையை மட்டும்தான் பார்ப்பேன், உள்ளே இருப்பது யாருடையதோ அவர்களுடையது.

நாங்கள் சுகம். இடுப்பு தன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன். ஒரு நல்ல சேதி. இந்த மாதம் பதினாலாம் தேதியிலிருந்து பார்சல் பிரிவுக்கு நான்தான் பொறுப்பாளர். தனி மேஜை, தனி மின்விசிறி. உன் அண்ணி அக்கம் பக்கத்தில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

செயினை நீயே இறுக்கினாயாம். என்னவோ போ. நாற்பத்து நாலு வயதில் தனியாக வேற்று நாட்டில் ஸ்பானரும் கையுமாக உட்கார்ந்திருக்க உனக்கு என்ன தலையெழுத்து? கேட்டால், "உனக்குப் புரியாது, விடு" என்பாய். சரி, விட்டேன்.

ஒன்று மட்டும். ஒரு சின்னக் கீறல் என்றாலும் மறைக்காமல் எழுது. லீவு போட்டுவிட்டு அடுத்த ரயிலில் கிளம்பி வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். நீ தனி ஆள் இல்லை, ஞாபகம் வைத்துக்கொள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்


மார்ச் 22
எண் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கால் வலி, பள்ளிக்கூட ஆபீஸ் வேலை எல்லாம் எப்படி? வீட்டுக்கு எழுதாமல் பள்ளிக்கூடத்துக்கு எழுதுகிறாளே என்று பயப்படாதீர்கள். அண்ணன் பார்சலுக்குப் போய்விட்டான், அதனால் இந்த உறை அவன் கண்ணில் படாது. படவும் கூடாது.

அண்ணி, நான் விழுந்துவிட்டேன். கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. ஐந்து வாரம் மாவுக்கட்டு. உயிருக்கு ஒன்றுமில்லை, வலியும் இப்போது குறைவு.

எங்கே விழுந்தேன் தெரியுமா? மலையில் இல்லை, வளைவில் இல்லை. பெட்ரோல் பங்கில். இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டாண்ட் போடக் காலை ஊன்றினேன். தரையில் யாரோ எண்ணெயைக் கொட்டியிருந்தார்கள். நின்ற இடத்திலேயே எருமை மெதுவாக என் காலின் மேல் படுத்துக்கொண்டது. மூவாயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நின்ற வண்டியிலிருந்து விழுந்தேன். மானம் கப்பல் ஏறிவிட்டது.

பங்குக்கு எதிரே லாரி ஓட்டுநர்கள் தங்கும் விடுதி ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் அம்மாதான் ஓடி வந்து தூக்கினார். கீழ் அறை ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அண்ணன் கடிதத்தையும் தபால் நிலையத்திலிருந்து அவரே வாங்கி வந்து கொடுத்தார். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே லாரிகளின் டயர். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. ஆனாலும் காலையில் வந்து என்னைத் திட்டிவிட்டுத்தான் போகிறார். சாப்பிடாததற்குத் திட்டுகிறார் என்பது முகத்திலேயே தெரிகிறது.

அண்ணனுக்குச் சொல்லாதீர்கள். ஏன் என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நீங்கள் கல்யாணமாகி வருவதற்கு முந்தின வருஷம், எனக்கு இருபத்திரண்டு வயது. கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து வேறு ஊரில் விடுதியில் இருந்தேன். ஐந்தாம் மாதம் மஞ்சள் காமாலை. விடுதிக் காப்பாளர் வீட்டுக்குக் கடிதம் போட்டார். மூன்றாம் நாள் அண்ணன் வந்து நின்றான். என் பெட்டியை அவனே கட்டினான். "உடம்பு தேறினதும் திரும்பி வந்துக்கலாம்" என்றான். அப்புறம் எங்கே திரும்புவது? தொழிற்சாலையிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. எனக்குப் பதில் வேறு ஆள் எடுத்திருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அவன் செய்தது பாசத்தில். அதனாலேயே இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவன்மேல் கோபப்பட முடியவில்லை. இப்போது தெரிந்தால் கண்டிப்பாக வந்துவிடுவான். வந்தால் நான் கிளம்பிவிடுவேன், அண்ணி. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு "வரமாட்டேன்" என்று சொல்லும் தெம்பு எனக்கு இன்றும் இல்லை. இந்தத் தடவை வீடு திரும்பினால் இனி எங்கேயும் கிளம்ப மாட்டேன். அது மட்டும் நிச்சயம்.

உங்களை நம்பி,
நாத்தனார்


மார்ச் 24
எண் 5

அன்புள்ள அண்ணா,

சுகமாக இருக்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. பார்சல் பொறுப்பாளருக்கு ஒரு சல்யூட்.

ஐந்தாம் எண் மிகவும் அழகான ஊர். ஆற்றின் இரண்டு கரையிலும் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. மாலை வெயில் தண்ணீரில் படும்போது ஆறே தங்கமாக ஓடுகிறது. பாலத்தின் நடுவில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மலைக்காற்று குளிர்ச்சியாக இருக்கிறது. பறவைகள் கூட்டம் கூட்டமாகப் போகின்றன.

இனிமேல் எந்த நாள் எந்த ஊரில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதனால் எண் 4இல் ஒரு விடுதியின் முகவரியைக் கீழே கொடுத்திருக்கிறேன். அங்கேயே எழுது. அந்த அம்மா லாரி ஓட்டுநர்களிடம் கொடுத்தனுப்பினால் நான் எங்கே இருந்தாலும் வந்து சேரும். நல்ல ஏற்பாடு.

நீ கவலைப்பட ஒன்றுமே இல்லை.

உன் தங்கச்சி


ஏப்ரல் 6

அன்பு நாத்தனாருக்கு,

கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் உயர்த்தி வை. ஊன்றாதே. அரிக்கிறது என்று குச்சியை விட்டு நோண்டாதே. இதெல்லாம் செய்வாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம்.

பள்ளிக்கூட ஆபீஸில் எல்லோர் முன்னாலும் உன் கடிதத்தைப் பிரித்துவிட்டேன். பெட்ரோல் பங்கில் விழுந்தாய் என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, அடுத்த வரியில் அழுகை. தலைமை எழுத்தர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உன் அண்ணனிடம் மூச்சு விடவில்லை. ஆனால் அவரிடம் ஏதோ மாறியிருக்கிறது. உன் ஐந்தாம் எண் கடிதம் வந்த அன்று, படித்ததும் பென்சிலை எடுத்து வரைபடத்தில் ஐந்தை அடிக்கப் போனார். அடிக்காமலே பென்சிலை வைத்துவிட்டார். "என்ன?" என்றேன். "பென்சில் மொட்டையா இருக்கு" என்றார். நான்தான் காலையில் சீவி வைத்திருந்தேன்.

முன்னெல்லாம் சாப்பிட உட்கார்ந்தால் உன்னைப் பற்றி ஒரு மணி நேரம் புலம்புவார். இப்போது தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறார், அவ்வப்போது என் முகத்தைப் பார்க்கிறார். எனக்குப் பொய் சொல்ல வராது என்று உனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் வரும். எத்தனை நாளைக்கு?

நீ சொன்ன கடிகாரத் தொழிற்சாலைக் கதையை அவர் என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கல்யாணமாகி இருபத்தொரு வருஷம் ஆகிறது.

உன் அண்ணி


ஏப்ரல் 14

அன்புத் தங்கச்சிக்கு,

உன் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். எங்கள் உடம்பு நன்றாகவே இருக்கிறது.

எழுத அதிகமாக ஒன்றும் இல்லை. மாடித் தண்ணீர்த் தொட்டியில் விரிசல், சிமெண்ட் வைத்துப் பூசினேன். பக்கத்து வீட்டு நாய் நாலு குட்டி போட்டது. உன் பயிற்சிப் பள்ளி முதலாளியை வழியில் பார்த்தேன். "மேடம் இல்லாம ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் சுவத்துல முட்டிக்கிறாங்க சார்" என்றார்.

நீ எந்த ஊரில் இருந்தாலும் சரி. எத்தனை நாள் இருந்தாலும் சரி. அங்கே உன்னோடு பேச யாராவது இருக்கிறார்களா? ஒரு வேளைச் சாப்பாடு கேட்டால் கொடுக்கிற ஆள் யாராவது? அதை மட்டும் எழுது. வேறு எதையும் எழுத வேண்டாம் என்றால் எழுத வேண்டாம். கிளம்பி வந்துவிடு என்று இந்தக் கடிதத்தில் நான் சொல்லவில்லை, கவனித்தாய் அல்லவா?

அண்ணன்


ஏப்ரல் 30
எண் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் சொல்லைக் கேட்டுக் குச்சி விட்டு நோண்டவில்லை, ஸ்பூனை விட்டுத்தான் நோண்டினேன். உங்கள் கால் வலி குறைந்ததா?

கட்டு பிரித்தாகிவிட்டது. கால் காய்ந்த குச்சி மாதிரி இருக்கிறது. தினமும் காலையில் விடுதிக்கார அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடக்கிறேன். "இன்னும் பத்தே நாள், அப்புறம் ஓட்டலாம்" என்று டாக்டர் விரலைக் காட்டிச் சொன்னார்.

முதலில் சின்னச் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். லாரி ஓட்டுநர்கள் ராத்திரிச் சாப்பாட்டின்போது போனில் படம் காட்டிக் கை ஜாடையில் சொல்கிற ஊர்களை வைத்து, நானே பார்த்தது போல் அண்ணனுக்கு எழுதி, அவர்களிடமே கொடுத்து அந்தந்த ஊரில் போடச் சொல்கிறேன். முத்திரை சரியாக இருக்க வேண்டும் அல்லவா? ஐந்தாம் எண் கடிதம் அப்படித்தான் போனது. எட்டாம் எண் கடிதத்தை மீசைக்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். மனிதர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு எட்டாம் எண்ணுக்குப் போய், திரும்பி வந்து, ஞாபகம் வந்ததும் என் ஜன்னலுக்கு எதிரிலேயே இருக்கும் தபால் பெட்டியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு! கத்துவதற்குள் உள்ளே விழுந்துவிட்டது. அண்ணன் உறையைப் பார்க்காமல் இருந்தால் பிழைத்தேன்.

பெரிய சிக்கல் வேறு. நேற்று எருமைமேல் ஏறி உட்கார்ந்தேன். சும்மா, ஸ்டாண்டில் நிறுத்தித்தான். சாவியைத் திருப்பவில்லை. கை நடுங்க ஆரம்பித்தது. முழங்கை வரைக்கும். இறங்கி அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இன்றைக்கும் அதே கதைதான்.

எத்தனை பேர் என் முன்னால் இப்படி நடுங்கியிருக்கிறார்கள்! "ஒண்ணும் ஆகாது, விடும்மா" என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். அவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல் இருக்கிறது. பயமாக இருக்கிறது அண்ணி. வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம்.

நாத்தனார்


மே 11

அன்பு நாத்தனாருக்கு,

பிழைத்தாய் என்று நினைக்காதே. எட்டாம் எண் கடிதம் வந்தது. வாசலில் நின்றே உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படித்தார். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். ஒரே செடிக்கு ஒரு வாளி.

கால் தேறியது கேட்டு நிம்மதி. கை நடுங்குவதற்கு எனக்கு மருந்து தெரியாது. அவசரப்படாதே என்று மட்டும் சொல்லத் தெரியும்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இன்று காலை பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் அவருடைய தோல் பை இடித்தது. திறந்து பார்த்தேன். இரண்டு சட்டை, சவர சாமான், இடுப்புக்குக் கட்டும் பட்டை, உன்னுடைய எல்லாக் கடிதங்களும். மேலே ரயில் டிக்கெட். பதினாலாம் தேதிக்கு, எல்லை வரைக்கும்.

சத்தியமாக நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது உன் கையில் கிடைக்கும் முன்னால் அவர் உன் கதவைத் தட்டினாலும் தட்டுவார். மனசைத் தயார் செய்துகொள்.

அண்ணி


மே 22
எண் 4

அண்ணா,

நலமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், நலமா?

அண்ணியின் கடிதம் நேற்று வந்தது. பதினாலாம் தேதி ரயில் என்றால் நீ பதினெட்டாம் தேதியே இங்கே வந்திருக்க வேண்டும். இன்று இருபத்திரண்டு. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா? வழியில் எங்காவது மாட்டிக்கொண்டாயா?

எல்லாம் பொய் அண்ணா. ஐந்தும் பார்க்கவில்லை, எட்டும் பார்க்கவில்லை. மார்ச் பத்தொன்பதாம் தேதி நின்ற வண்டியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டு இரண்டு மாதமாக இந்த அறையில்தான் இருக்கிறேன். கால் சரியாகிவிட்டது, வண்டியும் சரியாகிவிட்டது. நான்தான் சரியாகவில்லை. சாவியைத் தொட்டால் கை நடுங்குகிறது. பத்து நாளாக முற்றத்தைத் தாண்டி ஓர் அடி ஓட்டவில்லை.

நீ வந்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை பொய்யும். இப்போது நானே கூப்பிடுகிறேன். வா. வந்து என் பெட்டியைக் கட்டு. எருமையை இங்கேயே விற்றுவிடலாம். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வா, கேட்டுக்கொள்கிறேன். என்னால் முடியவில்லை.

தங்கச்சி


ஜூன் 1

அன்புத் தங்கச்சிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் அண்ணியும் சுகம்.

பதினாலாம் தேதி ரயில் நிலையத்துக்குப் போனேன். வண்டி வந்தது, நின்றது, போனது. நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். டிக்கெட் இன்னும் பையில்தான் இருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். பார்சல் பிரிவில் நான் இருந்தது பதினாறே நாள். பொட்டலம் கட்டுகிற விஷயத்தில் மேலதிகாரியோடு வாய்ச்சண்டை. "நீ பழைய மேஜைக்கே போய்யா" என்று அனுப்பிவிட்டார். ஊரெல்லாம் சொல்லிவிட்டாளே என்று உன் அண்ணியிடம் மறைத்துவிட்டேன். பழைய மேஜைக்கு வந்த மூன்றாம் நாள், வெளிநாட்டுப் பையைக் கவிழ்த்தால் உன் கையெழுத்து. பள்ளிக்கூட முகவரி, எண் 4 முத்திரை. அதற்கு இரண்டு நாள் கழித்து எனக்கு எண் 5இலிருந்து கடிதம், ஆறு தங்கமாக ஓடுகிறதாம். உனக்கு எந்தக் காலத்தில் ஆறு கண்ணில் பட்டது? லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று இல்லாத கடிதம் உன் கடிதமே இல்லை.

உன் அண்ணிக்கு வந்ததை நான் பிரிக்கவில்லை. தபால் பிரிக்கும் அலமாரியில், பள்ளிக்கூடத் தெருவின் அறையில் என் கையாலேயே போட்டேன். நோயோ, போலீஸோ, அல்லது எவனையாவது பிடித்துக்கொண்டாயோ, எதுவும் தெரியாமல் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். உன் அண்ணி சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று பார்த்துத்தான் நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். எட்டாம் எண் கடிதம் எண் 4 முத்திரையோடு வந்தபோது பொறுக்க முடியவில்லை, டிக்கெட் வாங்கினேன்.

பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் பழையது நினைவுக்கு வந்தது. இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அன்றைக்கு உன் விடுதிக் காப்பாளர் எழுதியதில், "குணமாகி வருகிறாள், பத்து நாள் ஓய்வு போதும், யாரும் வர வேண்டியதில்லை" என்றுதான் இருந்தது. நான்தான் வந்தேன். அம்மா போன பிறகு அந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயம். உன்னைக் காப்பாற்றக் கூட்டி வந்ததாக எல்லோரிடமும் சொன்னேன், எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நீ வீட்டுக்கு வந்த ஏழாவது வாரம் தொழிற்சாலையிலிருந்து உன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. என் மேஜைக்குத்தான் வந்தது. அதை நம் தெருவின் அறையில் போடவில்லை. சட்டைப் பையில் போட்டேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அந்த நாளைக்கு வரவே இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் நான் நிறுத்தி வைத்த ஒரே கடிதம் அது. பிரிக்கவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னுடையது.

நீயே கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன். என்னால் முடியவில்லை என்று தோன்றினால் வண்டியை விற்றுவிட்டு பஸ்ஸிலோ ரயிலிலோ வந்து சேர். ஒரு பயல் உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டான், நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் உன் பெட்டியை நீதான் கட்ட வேண்டும். நான் இன்னொரு தடவை அதைத் தொட மாட்டேன்.

திட்டி எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

அண்ணன்


ஜூன் 15
எண் 5

அண்ணா,

உடம்பு தேவலை. அண்ணியைக் கேட்டதாகச் சொல். உன் இடுப்பைப் பற்றி இந்தத் தடவை நான் விசாரிக்கப் போவதில்லை.

கடிதம் நேற்று மதியம் வந்தது. தொழிற்சாலைக் கடிதத்தைப் பிரித்தேன். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு வந்ததை நாற்பத்து நாலு வயதில் படித்தேன். நாலே வரி. உடல்நலம் தேறியதும் வந்து சேரவும், இடம் காலியாகவே வைக்கப்பட்டுள்ளது, மூன்று மாத அவகாசம். கீழே மேற்பார்வையாளர் அம்மா பேனாவால் தனியாக எழுதியிருக்கிறார்: "உன் கை வேகம் இங்கே வேறு யாருக்கும் இல்லை. சீக்கிரம் வா."

அதற்கு மேல் அந்த அறையில் என்னால் உட்கார முடியவில்லை. சுவரெல்லாம் நெருக்குகிறது. எழுந்து பெட்டியில் துணியைத் திணித்தேன், பூட்டினேன், பின்னால் கட்டினேன். விடுதிக்கார அம்மா பின்னாலேயே ஓடி வந்து ஏதோ கத்துகிறார். நான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன், சத்தமாக, நம் மொழியில், வாயில் வந்ததையெல்லாம். ஒரே உதையில் எருமை கிளம்பியது. ஊர் எல்லை தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போன பிறகுதான் கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு உட்கார்ந்து அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய், பாவம், அந்த அம்மாவிடம் முறையாகச் சொல்லிக்கொண்டு இன்று காலை மறுபடி கிளம்பினேன்.

வீட்டில் தனியாக இருக்கப் பயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வந்திருப்பேனே, அண்ணா. லீவு நாளுக்கெல்லாம் வந்திருப்பேன். நீ கேட்கவே இல்லை.

நீ இங்கே வந்து நின்றிருந்தால் உன் முகத்தைப் பார்த்திருப்பேன், நரைத்த தலையைப் பார்த்திருப்பேன், பாவம் என்று அங்கேயே மன்னித்து, உன் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். வராமல் இருந்தாயே, அது ஒன்றுக்காக உனக்கு நன்றி.

மன்னித்துவிட்டேன் என்று இதில் எழுத மாட்டேன். உன்மேல் எனக்குக் கோபம். பிறந்ததிலிருந்து முதல் தடவை உனக்கு இதைச் சொல்கிறேன். கடல் வரைக்கும் இன்னும் ஆயிரத்து நூறு கிலோமீட்டர் இருக்கிறது, அத்தனை தூரத்துக்கும் போதுமான கோபம் இருக்கிறது. அதற்குள் தீர்ந்தால் எழுதுகிறேன். தீராவிட்டாலும் எழுதுகிறேன்.

உன் தங்கச்சி